பக்கவாதத்தில் விழுந்தவரை எழுப்புவது யார்?

வீட்டார் மட்டும் போதுமா? 1,250 நோயாளிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி சொல்லும் உண்மை

திருச்செங்கோட்டு மலையில் குடிகொண்டிருக்கும் அர்த்தநாரீசுவரருக்குப் பாதி உடல் ஆண். பாதி உடல் பெண். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் ஒரு உருவம்.

மலை அடிவாரத்தில் வாழும் குடும்பங்களும் அப்படித்தான். கணவன் லாரி ஓட்டப் போகிறார். அல்லது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறி வெளி மாநிலத்துக்குப் போகிறார். மனைவி விசைத்தறிக்குப் போகிறாள். அல்லது வீட்டிலிருந்தபடியே தார் சுற்றுகிறாள். இருவர் உழைப்பும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் பக்கவாதம் வந்து விழுந்தால் என்ன ஆகும்?

சம்பாதித்த கை ஒன்று நின்று விடுகிறது. அவரைக் கவனித்துக் கொள்வதற்காக இன்னொரு கையும் வேலையை விட்டு நிற்கிறது. ஒருவருக்குப் பாதி உடல்தான் விழுந்தது. ஆனால், வீட்டின் முழு வருமானமும் விழுந்து விடுகிறது!

"உயிர் பிழைத்தாரே, அதுவே போதும்" என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது போதாது. உயிரை மீட்டுக் கொடுப்பது ஆஸ்பத்திரி. அவர் எழுந்து உட்கார வேண்டும். தன் கையால் சாப்பிட வேண்டும். முடிந்தால் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும். இவையெல்லாம் வீடு திரும்பிய பிறகு வரும் மாதங்களில்தான் நடக்கின்றன.

அந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு? குடும்பமா? டாக்டரா? அரசாங்கமா?

இன்றைய வைத்திய உலகம் கேட்கும் கேள்வி இது.

மூளையில் நடப்பது என்ன?

மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைத்துக் கொள்கிறது. அல்லது வெடித்து விடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த மூளைப் பகுதிக்கு ரத்தம் கிடைப்பதில்லை. அது சாகத் தொடங்குகிறது. இதுதான் பக்கவாதம்.

மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டால் உடம்பின் இடது பக்கம் விழும். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் வலது கையும் வலது காலும் விழும். பலருக்குப் பேச்சும் போய்விடும்.

இதற்கு முதல் காரணம் ரத்தக் கொதிப்பு. சர்க்கரை நோயும், பீடி, சிகரெட்டும் அதற்குத் துணை நிற்கின்றன. ரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை. அதனால் இருப்பதே தெரியாது. மாதக்கணக்கில் வண்டியிலேயே தங்கி, கிடைத்த நேரத்தில் சாப்பிட்டு, தூக்கம் கெட்டு உழைப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க நேரம் ஒதுக்குவதும் அபூர்வம்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சு குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குச் சொல்லி, 'ஸ்கேன்' வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. குழாய் அடைத்ததால் வந்த பக்கவாதத்துக்கு அது பயன்படும். ஆனால் 4½ மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்று படுக்க வைத்தால் அந்த வாய்ப்பு போயே போய்விடும்.

மூளை மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறது

செத்துப் போன மூளைப் பகுதி மறுபடியும் உயிர் பெறுவதில்லை. அப்படியானால், விழுந்த கை எப்படி மீண்டும் எழுகிறது?

பக்கத்தில் உயிரோடு இருக்கும் மூளைப் பகுதிகள், செத்த பகுதியின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக் கொள்கின்றன. குழந்தை நடக்கப் பழகுவதைப் போலத்தான் இதுவும். ஒரு முறை செய்தால் வராது. நூறு முறை செய்ய வேண்டும். தினமும் செய்ய வேண்டும். மூளை மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறது என்று சொல்லலாம்.

இந்தப் படிப்பு முதல் 3 மாதங்களில் வேகமாக நடக்கும். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு. ஆனால் வேகம் குறைந்து விடும்.

அந்த 3 மாதங்கள்தான் பல வீடுகளில் வீணாகின்றன. "புறா ரத்தத்தைத் தடவினால் சரியாகும்" என்று ஒருவர் சொல்வார். புறாவைத் தேடி ஆள் ஓடும். "இந்த ஊரில் எண்ணெய் போடுகிறார்கள்" என்று இன்னொருவர் சொல்வார். கடன் வாங்கி வண்டி வைத்துக் கொண்டு போவார்கள். புறா ரத்தம் உடம்புக்குச் சூடாக இருக்கலாம். ஆனால் தோலில் தடவிய ரத்தம் மூளைக்குப் பாடம் சொல்லித் தராது. கோளாறு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது.

பாசம் செய்யும் தவறுகள்

நோயாளிக்கு வீட்டாரை விட வேண்டியவர்கள் யாரும் இல்லை. ஆனால் வழி தெரியாத பாசம் சில சமயம் கெடுதல் செய்து விடும்.

படுத்திருப்பவர் வாயில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். தண்ணீர் உணவுக் குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய் ஜன்னி வரும். விழுங்க முடியுமா என்று டாக்டரோ நர்சோ சோதித்துச் சொன்ன பிறகே வாய் வழியாகக் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்தத் தோளைத் தாங்கிப் பிடிக்கத் தசையில் பலம் இல்லை. இழுத்தால் மூட்டு நழுவும். பிறகு அந்த வலியே அவரைப் பயிற்சி செய்ய விடாது. தூக்குபவர் முதுகையும் இடுப்பையும் பிடிக்க வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது.

மல்லாந்தபடியே நாள் முழுவதும் விட்டு விடுகிறார்கள். அதனால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வருகிறது. இந்தப் புண் ஆளையே கொன்று விடும்.

இதற்கு வழி காட்டியவர் லுட்விக் குட்மன் என்ற டாக்டர். இரண்டாவது உலக யுத்தத்தில் முதுகுத் தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்காக 1944-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள். அவர்தான் அதன் தலைவர். அதுவரை அப்படிப்பட்ட நோயாளிகள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கோளாறாலும் விரைவிலேயே இறந்து வந்தார்கள். அவர் போட்ட உத்தரவு என்ன தெரியுமா? "2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வை, இரவிலும் திருப்பு!" இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஆள் வேண்டும்.

கடைசித் தவறுதான் பெரிய தவறு. "நீங்க சும்மா படுத்திருங்க. நான் ஊட்டி விடறேன்" என்று எல்லாவற்றையும் வீட்டாரே செய்து விடுகிறார்கள். சட்டை போட்டு விடுவது, தலை வாரி விடுவது, அவருக்குப் பதிலாகப் பேசுவது எல்லாம் மற்றவர்களே! செய்து பழகினால்தானே மூளை கற்றுக் கொள்ளும்? பாதிச் சோறு சிந்தினாலும் அவர் கையாலேயே அவர் சாப்பிட வேண்டும். சிந்திய சோற்றைப் பெருக்குவதுதான் வீட்டார் செய்ய வேண்டிய உதவி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர் பேசாமல் சுவரைப் பார்த்துக் கொண்டு படுத்திருப்பது பிடிவாதம் அல்ல. அதுவும் நோய்தான். அதற்கும் மருந்து உண்டு.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

அனுதாபம் ஒருவரைப் படுக்க வைக்கும். பயிற்சியும் வேலையும் அவரை எழுப்பும். இதற்கு உதாரணம் வேலூரிலேயே இருக்கிறது.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-ம் ஆண்டு கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனவர். 1954-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் போன கார் விபத்துக்குள்ளானது. முகம் கிழிந்தது. முதுகுத் தண்டு அடிபட்டு, 2 கால்களும் செயல் இழந்தன. அவருக்கு 30 வயது கூட ஆகவில்லை.

"இனி இந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?" என்று யாரும் கேட்டிருக்கலாம். அவருடைய ஆசிரியர் டாக்டர் பால் பிராண்டு அப்படிக் கேட்கவில்லை. குஷ்டரோகிகளின் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் பெயர் பெற்றவர் அவர். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த வேலையைக் கற்றார். எத்தனையோ பேரின் கைகளை நிமிர்த்தினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு வைத்தியத்தைப் படித்தார். வேலூர் திரும்பி அந்தத் துறைக்குத் தலைவர் ஆனார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ம் ஆண்டு அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையின் முன்னோடி நிலையங்களில் அதுவும் ஒன்று. 1972-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ம் ஆண்டு அவர் காலமானார்.

அவரை எழுப்பியது அவருடைய மன உறுதி மட்டும் அல்ல. நம்பி வேலை கொடுத்த ஆசிரியர் இருந்தார். பயிற்சி தந்த நிபுணர்கள் இருந்தார்கள். தாங்கி நின்ற கல்லூரி இருந்தது. ஓட்டு வீட்டில் படுத்திருக்கும் லாரி டிரைவருக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது? மனைவி இருக்கிறாள். மகள் இருக்கிறாள். அவ்வளவுதான்.

அப்படியானால், மனைவிக்கும் மகளுக்கும் பயிற்சி கொடுத்தால் போதாதா?

1,250 பேரிடம் நடந்த பரீட்சை

இதே கேள்வியை டாக்டர்களும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள்.

2014-ம் ஆண்டு முதல் 2016-ம் ஆண்டு வரை இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பக்கவாதம் வந்த 1,250 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களை 2 பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீட்டில் ஒருவருக்கு விசேஷப் பயிற்சி. நோயாளியை எப்படி உட்கார வைப்பது, நடக்க வைப்பது, என்ன பயிற்சி கொடுப்பது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகும் 2 மாதம் வரை அந்தப் பயிற்சி தொடர்ந்தது.

6 மாதம் கழித்துக் கணக்கு எடுத்தார்கள். பயிற்சி பெற்ற வீடுகளில் 100-க்கு 47 பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் உதவியை நம்பி வாழ்ந்தார்கள். பயிற்சி பெறாத வீடுகளில்? அங்கேயும் 100-க்கு 47 பேர்தான்!

'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் 2017-ம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது. நல்ல பலன் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம்.

இதற்கு என்ன அர்த்தம்? குடும்பத்தால் பயன் இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. இரண்டு பிரிவிலும் நோயாளிகளைக் காப்பாற்றி வைத்திருந்தது குடும்பங்கள்தான். நிபுணர் செய்ய வேண்டிய வேலையை வீட்டார் தலையில் கட்டி விட்டு ஒதுங்கிக் கொள்ள முடியாது என்பதே இதன் அர்த்தம். சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஊருக்குள் போய் இந்த வேலையைச் செய்தால் பலன் கிடைக்குமா என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

டாக்டர், நர்சு, பிசியோதெரபி நிபுணர், பேச்சுப் பயிற்சி தருபவர் ஆகியோர் ஒரே குழுவாக வேலை செய்யும் பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. அவற்றில் சிகிச்சை பெற்றால் மரணமும் முடக்கமும் குறைகின்றன. இது பல நாடுகளில் நிரூபணமான உண்மை.

வீட்டு வாசலுக்கு வந்த வைத்தியம்

தமிழ்நாட்டில் இந்த வழியில் ஒரு முயற்சி நடந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுப்பது இதன் ஒரு பகுதி. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்சும், பிசியோதெரபி நிபுணரும் வீட்டுக்கே வருவது இன்னொரு பகுதி. 2024-ம் ஆண்டு இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது.

மாத்திரை வீட்டுக்கு வருவது சின்ன விஷயம் அல்ல. "கை கால் வந்து விட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துபவர்களைத்தான் இரண்டாவது பக்கவாதம் தேடி வருகிறது.

ஆனால் பிசியோதெரபி நிபுணரின் கணக்கு வேறு. ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒருவர் என்றுதான் திட்டம் வகுத்தார்கள். ஒரு ஒன்றியத்தில் எத்தனையோ கிராமங்கள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் ஒரு நாளைக்கு 6 வீடு போகிறார் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 25 நாள் போனால் 150 வீடு. 75 நோயாளிகள் இருந்தால், ஒருவருக்கு மாதம் 2 முறைதான் வர முடியும். மீதி 28 நாளும் வீட்டார்தான்!

விசைத்தறியை நிறுத்தியது யார்?

அந்த 28 நாளும் பார்த்துக் கொள்வது யார்? பெரும்பாலும் பெண்தான். மனைவி, மகள் அல்லது மருமகள். அவள் தறிக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியை எந்த ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கிலும் எழுதுவதில்லை. இரவு 2 மணிக்கு எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தவளுக்கு முதுகுவலி வந்தால், அதைக் கேட்பாரும் இல்லை.

சட்டம் இதை ஓரளவு கண்டு கொண்டிருக்கிறது. 2016-ம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படும் ஊனமுற்றோரைக் கவனித்துக் கொள்வதற்குப் படி வழங்குவதையும் அரசாங்கத் திட்டங்களில் சேர்த்துச் சொல்கிறது. பார்த்துக் கொள்வதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று சட்டமே ஒப்புக் கொண்ட மாதிரிதான் இது. ஆனால் அதற்கு முதலில் ஊனச் சான்றிதழ் வாங்க வேண்டும். நடக்க முடியாதவரை வண்டியில் ஏற்றிக் கொண்டு அலைய வேண்டும். அதற்கும் ஒரு நாள் கூலி போகும்.

என்ன செய்ய வேண்டும்?

வீட்டார் செய்யக் கூடியவை சில உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் நாளில், "தூக்குவது எப்படி? ஊட்டுவது எப்படி? தினமும் என்ன பயிற்சி?" என்று கேட்டு, அங்கேயே ஒரு முறை செய்து காட்டி விட்டு வர வேண்டும். ஒருவரே எல்லாம் பார்க்காமல், மகன், மகள், அண்ணன், தம்பி என்று முறை வைத்துக் கொள்ள வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வருவதை விட, வாரத்தில் ஒரு நாள் வந்து 4 மணி நேரம் உட்கார்ந்தால் அது பெரிய உதவி. அந்த 4 மணி நேரம் மனைவி தூங்குவாள்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை அதை விடப் பெரியவை. முதல் 3 மாதங்களில் பிசியோதெரபி நிபுணர் அடிக்கடி வர வேண்டும். அதற்கு ஒன்றியத்துக்கு ஒருவர் போதாது. சான்றிதழ் கொடுப்பவர் நோயாளியின் வீட்டுக்கே வர வேண்டும். கவனித்துக் கொள்பவருக்குச் சட்டம் சொன்ன படி, அலைச்சல் இல்லாமல் கைக்கு வந்து சேர வேண்டும்.

"பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக் கொள்வார்கள்" என்று சொல்வது சுலபம். அவர்கள் பார்த்துக் கொள்ளத்தான் செய்வார்கள். தறியை விட்டு, கடன் வாங்கி, தூக்கம் கெட்டும் பார்த்துக் கொள்வார்கள். விழுந்தவரைத் தாங்க அவர்களுடைய கை இருக்கிறது. அந்தக் கையைத் தாங்க ஊரும் அரசாங்கமும் வர வேண்டும்.